வாய் சுத்தமான மேஸ்திரி

எங்கள் வீட்டில் கை நனைத்தவர்கள் யார், நனைக்காதவர்கள் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆக்கிப் போட்டவளுக்கு அது மறக்காது. யார் குழம்பை ஓரமாக ஒதுக்கினார், யார் இரண்டாம் தடவை சோறு கேட்டார், யார் தண்ணீர்ச் சொம்பை உதட்டருகே கொண்டுபோய்விட்டுக் குடிக்காமலே கீழே வைத்தார், எல்லாம் ஞாபகம் இருக்கும். இதை வைத்து என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்வார். "நீ பொறந்தப்பவே சந்தேகமும் கூடப் பொறந்துடுச்சு" என்பார். அவர் யாரையும் நம்புகிறவர். வீட்டுக்கு ஒருவராவது சந்தேகப்படாவிட்டால் எப்படி?

நான் சொல்லப்போகும் மனிதர் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து சாப்பிடவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் கொல்லைக்கு மண் வந்து இறங்கியது.

அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. வில்லியனூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வண்டிப்பாதையில், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சாயப்பட்டறை இருந்தது. முதலாளி பட்டணத்தில் இருந்தார். நாங்கள் யாரும் அவரைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மேஸ்திரிதான். கிருமாம்பாக்கம் பக்கத்து ஆள். வாரத்துக்கு ஒரு நாள் ஊருக்குப் போய் வருவார். பெயர் உண்டு, எழுத மாட்டேன். பேரன் பேத்திகள் எங்காவது நன்றாக இருக்கட்டும்.

நாற்பது வயசிருக்கும். வேட்டி எப்போதும் வெளுப்பாக இருக்கும், கைகள் மட்டும் மணிக்கட்டு வரை நீலம். நகக்கண்ணில் ஏறிய அந்த நீலம் புளிக்கும் அசையாது, சவுக்காரத்துக்கும் அசையாது. அதனாலோ என்னவோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். பேச்சு மெதுவாக வரும். ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்.

"மழ வருமா மேஸ்திரி?" என்று யாராவது கேட்டால், "மேகம் இருக்குது" என்பார். வருமென்றும் சொல்ல மாட்டார், வராதென்றும் சொல்ல மாட்டார். சுத்துக்கேணியிலிருந்து ஒருவர் தன் பெண்ணுக்குப் பட்டறைப் பையன் ஒருவனைப் பார்த்துவிட்டு, "பையன் குடிப்பானா?" என்று இவரிடம் விசாரித்தார். "எங்கண்ணு முன்னால குடிச்சதில்ல" என்றார் மேஸ்திரி. கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பொழுது சாய்ந்தால் சாராயக்கடையில் கிடக்கிறவன். மாமனார்க்காரர் பட்டறை வாசலில் வந்து கத்தினார். மேஸ்திரி அசையவில்லை. "நான் இன்னா சொன்னேன்னு ரவ நெனச்சிப் பாருப்பா" என்றார். அந்த மனுஷன் அங்கேயே நின்று நினைத்துப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. வாய் சுத்தமான ஆளு, பொய்யின்னு ஒன்னு வராது என்று அவருக்குப் பெயர் வந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அந்தப் பெண்ணின் கதி என்ன என்றும் நினைத்தேன்.

முதல் வருஷம் எங்கள் வீட்டில் மூன்று தடவை சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் பட்டறைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், அந்தப் பழக்கம். கத்தரிக்காய்க் குழம்பு என்றால் அவருக்கு உயிர். "தங்கச்சி, இன்னும் ஒரு கரண்டி" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். எங்கள் பெண்ணுக்கு அப்போது நாலு வயசு. அவர் நீலக் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக எண்ணுவாள். அவருக்குப் பிள்ளை குட்டி ஊரில் இருந்ததால் ஏக்கமாக இருந்திருக்கும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் இறக்கிவிட மனசே வராது.

இனி அந்த மண். அதைக் கேட்டு வாங்கியது நாங்கள்தான், எங்கள் மாமனார்தான். இதை மறைக்கக் கூடாது.

மாமனார் சின்னவராக இருந்த காலத்தில் எங்கள் பக்கமெல்லாம் அவுரி பயிரிட்டார்கள். தொட்டியில் அவுரித் தழையை ஊறப்போட்டு நீலத்தை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைக்கும் வண்டலுக்கும் அடிதடி நடக்குமாம். நெல்லுக்கு அதைப் போல எரு கிடையாது. மாமனாருக்கு நீலம் என்றால் அவுரி, அவுரி என்றால் எரு. பட்டறைக்குப் பின்னால் இருந்த குழியில் நீலச் சேறு நிரம்பி வழிந்ததைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அந்தப் பட்டறைக்குள் ஒரு அவுரித் தழை கூடப் போனதில்லை. சாயம் கப்பலில் டப்பா டப்பாவாக வந்தது. அந்த டப்பாக்களைத் துறைமுகத்திலிருந்து ஏற்றிவந்தது என் வீட்டுக்காரரின் வண்டி. அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

மாமனார் கேட்டபோது நான் பக்கத்தில் மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, தொட்டிச் சேறு வீணா கெடக்குதே. எங்க கொல்லைக்கு ரெண்டு வண்டி அடிச்சிக்கட்டுமா?"

"அடிச்சிக்குங்க. மொதலாளியும் குழிய காலி பண்ணச் சொல்லிக்கினுதான் இருக்கறாரு."

"அவுரி வண்டல்தான அது?"

மேஸ்திரி எங்கள் கூரையைப் பார்த்தார். "நீங்க பாக்காத அவுரியா பெரியவரே" என்றார்.

மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே வண்டி போனது. அவர் கொண்டுவந்ததைப் பார்த்துத் தெருவே கொண்டுவந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை எங்களுக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்த கிணற்றின் ஓரத்திலேயே குவித்துக்கொண்டாள். அவளுடைய கீரைப் பாத்தி அங்கேதான் இருந்தது.

கீரை வந்ததே ஒரு வரத்து, தண்டு விரல் தடிமன். தெருவெல்லாம் மேஸ்திரியை வாழ்த்தினார்கள். அடுத்த தடவை அவர் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கீரையைக் கடைந்து, கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து, இலை போட்டேன். "தங்கச்சி, இன்னிக்கு எனக்கு விரதம்" என்றார். சரி என்று விட்டேன். அதற்கடுத்த தடவை வயிறு சரியில்லை. அதற்கும் அடுத்த தடவை, சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றார். நாலாம் தடவை வந்தபோது கையில் பித்தளைக் கூஜா இருந்தது. திருகு மூடி போட்டது. அதிலிருந்துதான் தண்ணீர் குடித்தார். நான் சொம்பில் கொண்டுவந்து வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது.

"நம்ம கையில தண்ணி வாங்கிக் குடிக்கிறதுக்கு அவருக்கு என்னமோ கஷ்டமா இருக்குது" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பெரிய எடத்துப் பழக்கம் வந்திருக்கும். நீ எதுக்கும் ஒரு கணக்கு வெச்சிக்கினு இரு" என்றார்.

கணக்கு வைத்துக்கொண்டேன். அஞ்சலை வீட்டுக் கோழிகள் அந்தக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தன, ஒரே வாரத்தில் ஐந்தும் செத்தன. கோழிச் சீக்கு என்றார்கள். எங்கள் கன்றுக்குட்டி வாயில் நுரை தள்ளிச் செத்தது. கண்ணேறு என்றார் மாமியார். கீழண்டைக் காணியில் நெல் திட்டுத் திட்டாக வெளிறியது. மாமனார் எரு பற்றவில்லை என்று சொல்லி இன்னும் இரண்டு வண்டி அடித்தார்.

என் பெண் ஒரு நாள் சாய டப்பா ஒன்றை வைத்துச் சோறாக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் வண்டியில் மிஞ்சிக் கிடந்த காலி டப்பா. மேலே ஒட்டியிருந்த சீட்டில் ஒரு மண்டையோட்டுப் படம் இருந்தது. நாங்கள் அதைக் கம்பெனி முத்திரை என்று நினைத்திருந்தோம். உள்ளே வந்த மேஸ்திரிக்கு அதைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் பார்த்தேன். குழந்தை அழ அழ அதைப் பிடுங்கிக்கொண்டு, அவள் கையைத் தன் கூஜாத் தண்ணீரை ஊற்றியே கழுவிவிட்டார். மறுநாள் வில்லியனூர்க் கடையிலிருந்து மரச்சொப்பு ஒரு பெட்டி வாங்கிவந்தார். "பாத்தியா, என்னா பாசம்" என்றார் வீட்டுக்காரர். பாசம்தான். எனக்கு அதில் சந்தேகமில்லை. எங்கள் தண்ணீரைத் தொடாமல் கூஜாத் தண்ணீரால் கழுவியதில்தான் சந்தேகம்.

அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு பை அரிசியும் கொஞ்சம் கீரையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைப்பார். "எங்க ஊரு அரிசி தங்கச்சி, புள்ளைக்கு ஆக்கிக் குடு" என்பார். நெல் விளையும் வீட்டுக்கு எதற்கு ஒருவர் அரிசி கொண்டுவர வேண்டும்? கேட்டால் சிரிப்பார்.

ஒரு நாள் காலை, வீட்டுக்காரர் இல்லாத நேரம் வந்தார். உட்காரவில்லை. நான் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"தங்கச்சி, கொல்லக் கீரய புள்ளைக்கு ஆக்காத."

"ஏன் அண்ணே?"

"புள்ளைக்கு ஆவாது."

"கெணத்துத் தண்ணி?"

அவர் காலடியில் வைத்திருந்த கூஜாவைப் பார்த்தார். அதுவே பதிலாக இருந்தது.

"மத்த புள்ளைங்களுக்கு அண்ணே?"

மேஸ்திரி குனிந்து கூஜாவை எடுத்தார். மூடியை இறுகத் திருகினார். பிறகு போய்விட்டார்.

நான் முறத்தோடு கீரையைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன். அன்றிலிருந்து கோயில் கிணற்றுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளிப் போக வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும்போது அஞ்சலை கேட்டாள்: "வூட்டாண்ட கெணத்த வெச்சிக்கினு இன்னாத்துக்குடி அவ்ளோ தூரம் போறே?"

"அந்தத் தண்ணியில பருப்பு நல்லா வேவுதுடி" என்றேன்.

பொய்யில்லை. உண்மையிலேயே நன்றாக வெந்தது. பருப்புக்காக இரண்டு தெரு நடக்கிறாள் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த மண்ணை ஊருக்குள் முதலில் கொண்டுவந்தது எங்கள் வீடு. வெளியே தெரிந்தால் மாமனார் தெருவில் நடமாட முடியாது. எங்கள் கத்தரிக்காயை வில்லியனூர்ச் சந்தையில் ஒருவரும் தொட மாட்டார்கள். வீட்டுக்காரரின் வண்டி வேலை போகும். இன்னொன்றும் உண்டு, அதுதான் கேவலமானது. வாழ்நாளெல்லாம் என் சந்தேகத்தைப் பார்த்து ஊர் சிரித்தது. இப்போது நானே அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன். அவர் எதையும் தெளிவாகச் சொல்லவில்லையே, இது என் சந்தேகம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கொண்டுவந்த அரிசியையும் ஆக்கிக்கொண்டேன்.

அஞ்சலையின் மூத்த பெண் குப்பு, என் பெண்ணுக்கு ஒரு வயசு பெரியவள். மண் வந்த மறு வருஷம் அவளுக்குச் சோறு தங்கவில்லை. உள்ளங்கைத் தோல் தடித்து, கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. தெருவில் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்கும் அப்படி. யாரோ வில்லியனூர் மெரிக்குத் தகவல் கொடுத்தார்கள். கம்யூன் காரியமெல்லாம் நடக்கும் கச்சேரி அது. அங்கிருந்து குமாஸ்தா ஒருவர் பட்டணத்து டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் வெள்ளைக்காரர், குமாஸ்தா அவரை முசே என்பார். அவர் கேட்பதைக் குமாஸ்தா தமிழில் சொல்வார், நாங்கள் சொல்வதை அவர் பாஷையில் திருப்பிச் சொல்வார்.

டாக்டர் குப்புவின் கைகளைத் திருப்பிப் பார்த்தார். கிணற்றோரக் குவியலைத் தடியால் கிளறினார். அதன் நீலத்தைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு ஆள் அனுப்பினார். மேஸ்திரி கூஜாவோடு வந்து நின்றார்.

"இந்த மண்ணுல இன்னா கலந்திருக்குதுன்னு முசே கேக்கறாரு" என்றார் குமாஸ்தா.

"நான் ஒன்னும் கலக்கலிங்க" என்றார் மேஸ்திரி.

அதுவும் உண்மை. கலப்பது கூலியாட்கள், இவர் நின்று பார்ப்பவர். குமாஸ்தா அதை ஒரே வார்த்தையில் டாக்டரிடம் சொன்னார். ஒன்றும் கலக்கவில்லை என்று சொல்லியிருப்பார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்தில் நின்ற என் பெண்ணைப் பார்த்தார். கன்னம் உப்பி, கொழுகொழுவென்று நின்றாள்.

"ஒம் புள்ள மட்டும் நல்லா இருக்குதே, அதுக்கு இன்னா குடுக்கறேன்னு கேக்கறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அஞ்சலை குப்புவைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள். மாமனார் எதிரே நின்றார். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நான் என் வார்த்தையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"எங்கையால ஆக்கிப் போடறேன், வேற இன்னா" என்றேன்.

குமாஸ்தா சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார். டாக்டரும் சிரித்தார். "அவளுக்குக் கைராசிங்க" என்றாள் அஞ்சலை.

டாக்டர் போன பிறகு கிணறுகளில் ஊதா மருந்து கரைத்து ஊற்றினார்கள், வாந்திபேதிக்கு ஊற்றுவது போல. கூட்டம் கலைந்தது. மேஸ்திரி பக்கத்தில் வந்து கூஜாவைத் திறந்து நீட்டினார். அவர் அதை யாருக்கும் நீட்டி நான் பார்த்ததில்லை. "குடி தங்கச்சி" என்றார். நான் வாங்கி அண்ணாந்து குடித்தேன். தண்ணீர் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அவரை அண்ணே என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

குப்பு மார்கழியில் போய்விட்டாள். மேஸ்திரி தெரு முனை வரை வந்து நின்றார், உள்ளே வரவில்லை. மறுவாரம் எங்கள் வாசலில் வழக்கம்போல அரிசிப் பை இருந்தது. அதையும் எடுத்து உள்ளே வைத்தேன்.

சீமையில் சண்டை வந்து கப்பல் நின்றதும் டப்பாச் சாயம் நின்றது. பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். மேஸ்திரி சொல்லிக்கொள்ளாமலே ஊருக்குப் போனார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்ததா என்று நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். படித்தவர் இல்லை. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என்னைப் போல அவருக்கும் சந்தேகம்தான் இருந்திருக்கும். தன் வாய்க்கும், தனக்குப் பிடித்த ஒரு குழந்தையின் வாய்க்கும் மட்டும் அந்தச் சந்தேகத்தை நம்பினார். அவரைத் திட்ட எனக்கு ஆசைதான். திட்ட ஆரம்பித்தால் பாதியில் அது என்மேல் திரும்பிவிடுகிறது. எங்கள் கொல்லையில் மண்வெட்டி ஒரு முழம் இறங்கினால் இப்போதும் நீலம் தெரிகிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. குப்பு போய் அப்போது ஒரு மாதம் இருக்கும். காலையில் கொல்லைப்பக்கம் போனேன். அஞ்சலை தண்ணீர் இறைத்து முடித்துவிட்டு, கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். குடம் நிரம்பிப் பக்கத்தில் இருந்தது.

"ஒன்ன ஒன்னு கேக்கணும்டி" என்றாள். "மத்தவங்கள்லாம் ஆறுதலுக்குச் சொல்றாங்க. நீ வாய் சுத்தமானவ, இருக்கறத இருக்கறபடி சொல்லிப்புடுவ. எம் புள்ளைக்கு நான் ஏதாச்சும் கொற வெச்சிட்டனா?"

"நீ ஒரு கொறயும் வெக்கல அஞ்சல" என்றேன்.

இதுவும் உண்மை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுப்பக்கம் நடந்தாள். வாசற்படியில் அவளுடைய சின்னப் பெண்கள் இரண்டும் தம்ளரோடு நின்றிருந்தன.

"அஞ்சல, அந்தத் தண்ணிய கீழ ஊத்திடு."

அவள் திரும்பினாள். "ஏண்டி?"

"புள்ளைங்களுக்கு ஆவாது."

என் வாயிலிருந்து அவர் குரலே வந்ததுபோல இருந்தது. அஞ்சலை என்னைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். கோயில் கிணற்றுக்கு நான் தினமும் நடந்துபோகும் சந்து வழியைப் பார்த்தாள். பிறகு குடத்தை மெதுவாக இறக்கித் தரையில் வைத்தாள்.

"அப்போ பருப்பு வேவறதுக்காவ போவலியாடி நீ?" என்றாள்.